நாலு தேசிக்காயும் ஒரு பொத்தானும்

நான்கு தேசிக்காய்களும் கல்லாகிக் கிடந்தன.

குளிர்சாதனப் பெட்டியில் இடமில்லை என்று என் மனைவி பவளம் அவற்றை முதல்நாளே பல்கனியில் வைத்துவிட்டாள். விடியும்போது சைபருக்குக் கீழே ஆறு பாகை. சுவிஸில், திரிம்பாக் கோவிலின் கார் தரிப்பிடத்தில் ஐயர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து என் காரின் சில்லுகளுக்கு முன்னால் வைத்தபோது, தார் நிலத்தில் ‘டொக், டொக்’ என்று சத்தம் கேட்டது.

ஐயருக்கு வேட்டிக்கு மேலே முழங்கால்வரை ஒரு குளிர் ஜாக்கெட். காலில் இரண்டு சோடிக் கம்பளிச் சொக்ஸ். காரின் முன்பக்கத்தில் அவர் வைத்த சந்தனம் காயவில்லை, உறைந்தது. கற்பூரம் மட்டும் வழக்கம்போல எரிந்தது.

வெள்ளிக்கிழமை மதியப் பூசைக்கு வந்த சனம் இருபது பேர்வரை சுற்றி நின்றார்கள். காருக்குப் பூசை என்றால் எவரும் ஒரு நிமிடம் நின்று பார்ப்பார்கள். ஆனால் என்னுடையது புதுக்கார் இல்லை. முப்பது வயதுக்குக் கிட்டிய, கதவோரம் கறள் பிடித்த, சின்னஞ்சிறிய சிவப்பு நிற ஜப்பான் கார். இளம் பிள்ளைகள் ஓடித் திரிகிற மின்சார சைக்கிளின் பாதி விலைகூட வராது. அதற்கும் முறைப்படி பூசை வேண்டும் என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன். நான் கைவைத்த எந்தப் பொருளும் சாதாரணப் பொருளாக இருந்ததில்லை. நான் எழுதிவருகிற இந்தத் தொடரை முதலில் இருந்து வாசிப்பவர்களுக்கு அது தெரியும்.

சாரதி ஆசனத்தில் ஏறி, கண்ணாடியை இறக்கி, எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்:

“வடிவாப் பாருங்கோ! இது நாலு சில்லும் இழுக்கிற கார். நாலு தேசிக்காயும் ஒரே நேரத்திலை நசியும்!”

கூட்டத்தில் இருந்து சிறி சிரித்தான். லாங்கன்தாலில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஒரு கராஜில் மெக்கானிக்காக இருக்கிறவன். ஐம்பது வயதாகியும் எனக்கு அவன் பெடியன்தான்.

“எந்தக் கார் ஏறினாலும் நாலும் நசியுந்தானே அண்ணை.”

“அது உருண்டு நசியிறது. இது இழுத்து நசிக்கிறது. ரண்டும் ஒண்டோ?”

கியர்த் தடியின் தலையில் ஒரு பொத்தான் இருந்தது. அதை அமத்தினால் பின்சில்லுகளுக்கும் பலம் போகும். அமத்தினேன். முன்னாலே ஒரு பச்சை விளக்கு எரிந்தது. கிளச்சை விட்டேன்.

அந்த இடம் கொஞ்சம் ஏற்றம். கால் கழுவுகிற குழாயில் இருந்து வழிந்த தண்ணீர் அங்கேதான் கண்ணாடிபோல உறைந்து கிடந்தது. முன்சில்லுகள் இரண்டும் ‘விர்’ரென்று நின்ற இடத்திலேயே சுழன்றன. ஒரு தேசிக்காய் பந்துபோல எகிறி, பக்கத்தில் நின்ற காருக்குக் கீழே ஓடியது. மற்றது ஐயரின் சொக்ஸில் போய் முட்டியது. கார் ஒரு சாணும் நகரவில்லை.

பின்னாலே இருந்த இரண்டு தேசிக்காய்களும் ஐயர் வைத்தது வைத்தபடி இருந்தன.

மறுபடி பொத்தானை அமத்தினேன். மறுபடி பச்சை விளக்கு. மறுபடி ‘விர்’. சனம் சிரிக்கத் தொடங்கிவிட்டது. சிறி மட்டும் சிரிக்காமல், கோவிலுக்குப் போட்டுவந்த நல்ல சேட்டோடு நிலத்தில் படுத்துக் காருக்கு அடியில் பார்த்தான். எழும்பி வந்து என் கண்ணாடிப் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னான்.

“அண்ணை, பின்சில்லுக்குப் போற சாப்ற் ஒண்டு இருக்கவேணும். நீட்டு இரும்பு. அது இதிலை இல்லை.”

“இல்லையெண்டால்?”

“இல்லை. ஆரோ கழட்டிப்போட்டாங்கள். இப்ப இதுக்கு முன்னுக்கு ரண்டு கார்ச் சில்லு, பின்னுக்கு ரண்டு தள்ளுவண்டிச் சில்லு.”

பவளம் அருச்சனைத் தட்டோடு ஒரு பக்கமாக நின்றாள். அவள் சிரிக்கவில்லை. கைவிரலை மடித்து மடித்து ஏதோ எண்ணிக்கொண்டிருந்தாள். டிசம்பர் முதலாம் திகதிக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணுகிறாள் என்பது எனக்கு விளங்கியது.

வெள்ளைச் சட்டை

ஏன் டிசம்பர் முதலாம் திகதி என்று சொல்ல வேண்டும்.

பவளம் ஒரு முதியோர் இல்லத்தில் சமைக்கிறாள். எங்கள் ஊரில் இருந்து காரில் இருபத்தைந்து நிமிடம். எமென்தால் பக்கம் ஒரு மலைக்கு மேலே தனியாக நிற்கிற கட்டடம். அங்கே முதலில் நிலம் துடைத்தாள். பிறகு பானை கழுவினாள். பிறகு மரக்கறி வெட்டினாள். பிள்ளைகள் மூவரும் படித்து முடித்த பிறகு, அவர்களின் மேசையிலேயே இருந்து தானும் ஜெர்மன் மொழியான டொச்சில் படித்து, சோதனை எழுதிப் பாஸ்பண்ணிச் சமையல்காரியின் வெள்ளைச் சட்டையை வாங்கினாள். நெஞ்சில் நீல நூலால் பெயர் தைத்த சட்டை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பன்னிரண்டு பேரை வேலைக்கு வைத்துத் துப்புரவுக் கொம்பனி நடத்தியவன் நான், ஆனால் சுவரில் கொழுவிவைக்க என்னிடம் ஒரு சேர்ட்டிபிகேற்றும் இல்லை. வீட்டில் தொங்குவது அவளுடையது. அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டது நான்.

பவளத்துக்குக் கார் ஓட்ட லைசன் இல்லை. மூன்று பிள்ளைகளும் இரண்டு வேலையும் பார்த்த மனுசிக்கு எங்கே நேரம்? அதோடு, ‘நான் இருக்கிறேன்தானே’ என்று ஒவ்வொரு முறையும் சொன்னது நான். இந்த வரியை அவளே எழுதச் சொன்னாள். நான் கையால் எழுதுகிற ஒவ்வொரு அத்தியாயத்தையும் அவள் வாசித்த பிறகுதான் அனுப்புவது வழக்கம்.

அவளோடு வேலை செய்த ஒரு சுவிஸ் மனுசி பல வருடமாகத் தன் காரில் அவளை ஏற்றிப் போனாள். அந்த மனுசிக்கு நவம்பர் முடிவோடு பென்சன். முதல் பஸ் மேலே போய்ச் சேர ஏழேகால் ஆகும். காலைச் சாப்பாட்டுக்கு ஆறு மணிக்கு அடுப்பு எரிய வேண்டும்.

சமையலறைப் பொறுப்பாளி நல்லவள். நல்ல விதமாகத்தான் சொன்னாளாம்: “டிசம்பர் முதலாம் திகதியில் இருந்து காலைச் சமையல் முழுக்க உன்னுடையது. ஆனால் பனி விழுகிற நாளிலும் நீ ஆறு மணிக்கு இங்கே நிற்க வேண்டும். முடியாது என்றால் இப்போதே சொல்லு. வேறு ஆளைப் பார்க்கிறேன். உனக்குப் பின்னாலே பாத்திரம் கழுவுகிற இடத்தில் வேலை இருக்கும்.”

பின்னாலே பாத்திரம் கழுவுகிற இடம். அங்கே வெள்ளைச் சட்டை போடுவதில்லை. றபர் ஏப்ரன்தான்.

அப்போது பவளத்தின் பென்சனுக்கு இன்னும் நாலு வருடம் இருந்தது. அவள் அன்று சோற்றைப் பிசைந்துகொண்டே இதைச் சொன்னாள். நான் கேட்டு முடிக்க முதலே வாயைத் திறந்தேன்.

“நான் கொண்டுபோய் விடுறன்.”

“உங்கடை கறுப்புக் காரிலையோ?” என்றாள்.

பிறகும் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள்.

கறுப்புக் கார்

கறுப்புக் கார் என்பது என் பெருமை. ஜெர்மன் கார். நீளம். உள்ளே தோல் ஆசனம். சுவிஸுக்கு வந்த புதிதில் சூக் நகரில் தட்டுக் கழுவத் தொடங்கியபோது அந்தப் பணக்கார ஊரின் தெருக்களில் நான் பார்த்து மூச்சு வாங்கிய கார் அது. அப்போது எனக்குப் பனிச் சப்பாத்து இல்லை. சொக்ஸுக்கு மேலே பிளாஸ்ரிக் பையைச் சுற்றிக் கட்டி, அதற்கு மேலே கோடைச் சப்பாத்தைப் போட்டு நடந்தேன். நடக்கும்போது காலடியில் ‘சரக், சரக்’ என்று சத்தம் வரும். ஒருநாள் இந்தக் காரை வாங்குவேன் என்று அந்தச் சத்தத்தோடு சொல்லிக்கொண்டேன். வாங்கினேன்.

ஆனால் அந்தக் கார் பின்சில்லால் ஓடுகிற கார். பனியைக் கண்டால் குமர்ப்பிள்ளைபோல வெட்கப்படும். ஒரு தை மாதக் கலியாணத்தில் மண்டப வாசலில் அது நின்றுவிட, மாப்பிள்ளையின் தகப்பன் உட்படப் பட்டுவேட்டி கட்டிய ஒன்பது பேர் பின்னாலே நின்று தள்ளினார்கள். நான் உள்ளே இருந்துகொண்டு ‘இடக்கைப் பக்கம் கூடத் தள்ளுங்கோ’ என்று கட்டளை போட்டேன். அந்தக் கதையை இன்றைக்கும் கலியாண வீடுகளில் சொல்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

சிரிக்க முடியாத ஒன்று இருக்கிறது.

அதற்கு முந்தின மாரியில், பனி கொட்டிய ஒருநாள், அந்தச் சுவிஸ் மனுசிக்குக் காய்ச்சல். நான் பவளத்தைக் கறுப்புக் காரில் ஏற்றிப் போனேன். இல்லத்துக்கு ஏறுகிற கடைசி ஒரு கிலோமீற்றர் காட்டுக்குள்ளால் போகிறது. வெய்யில் படாத றோட்டு. பனி வழிக்கிற வண்டி ஆறரைக்குப் பிறகுதான் வரும். நடு ஏற்றத்தில் கார் நின்றது. பிறகு பின்னாலே வழுக்கத் தொடங்கியது. பிறேக்கில் ஏறி நின்றும் அது தன்பாட்டில் இறங்கி, கீழே குவிந்து கிடந்த பனிக் கும்பியில் குந்தியது.

பவளம் கதவைத் திறந்து இறங்கினாள். “நீங்கள் மெல்லத் திருப்பிக்கொண்டு போங்கோ” என்றாள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து ஏறினாள். என் கார் விளக்கு அவளின் முதுகில் விழுந்தது. குடை இல்லை. திரும்பிப் பார்க்கவில்லை. வளைவில் ஒரு மஞ்சள் நிற நடைபாதைப் பலகை நிற்கிறது. அதைத் தாண்டி அவள் மறையும்வரை நான் விளக்கை நிறுத்தாமல் இருந்தேன். அந்தத் தோல் ஆசனத்தில் எனக்கு முதுகு வரைக்கும் சூடு ஏறிக்கொண்டிருந்தது. ஆசனத்துக்குச் சூடு போடுகிற வசதியும் அந்தக் காரில் இருந்தது.

அன்றைக்கே மனதுக்குள் கறுப்புக் காரை விற்றுவிட்டேன்.

பத்தரைக்கு ராகுகாலம்

சிவப்புக் காரின் சொந்தக்காரர் வெர்னர் என்ற கிழவர். எமென்தாலில் மாடு வளர்த்தவர். மனைவி இல்லை, மாட்டையும் மகனிடம் கொடுத்துவிட்டார். முதல்தரம் நான் போய்ப் பார்த்தபோது, “ஓட்டிப் பார்” என்று திறப்பை நீட்டினார். நான் வாங்கவில்லை. பதினாலு வயதில் உழவு மெசின் ஓடியவனுக்கு, இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டாலே போதும். கதவைத் தட்டினேன், எண்ணெயை மணந்தேன், ரயரை உதைத்தேன். மாரி ரயர் நாலும் புதிது. பொத்தானை அமத்தினேன், பச்சை விளக்கு எரிந்தது. வேறென்ன வேண்டும்? கையைக் கொடுத்து, கார்ப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

நம்பர் தகடு எடுத்துக்கொண்டு இரண்டாம் தரம் போனது அந்த வெள்ளிக்கிழமை. பவளம் பஞ்சாங்கம் பார்த்திருந்தாள். பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குகிறது. அதற்கு முன்னால் கார் அந்த வீட்டு வாசலைத் தாண்ட வேண்டும். பஸ் பிந்தியது. நான் போய்த் தகட்டைப் பூட்டி முடிக்கப் பத்து இருபது.

வெர்னர் இடுப்புக்குப் பின்னாலே நாரியில் ஒரு கையை வைத்துக்கொண்டு, வளைந்தபடி மாட்டுக் கொட்டில் பக்கம் இருந்து வந்தார். காரின் பின்கதவைத் திறந்து காட்டினார். உள்ளே சாக்கில் சுற்றிய நீளமான ஏதோ ஒன்று. பக்கத்தில் மூடி போட்ட ஒரு ஜாம் போத்தல். அதைக் காட்டி, பிறகு காருக்கு அடியைக் காட்டி, பேர்ண் பக்கத்து டொச்சில் ஆறுதலாக ஏதோ சொல்லத் தொடங்கினார். அந்தப் பக்கத்து ஆட்களுக்கு அவசரம் என்பதே தெரியாது. ஒரு வசனம் முடிய ஒரு மாடு கறந்துவிடலாம்.

ரெலிபோன் அடித்தது. பவளம்தான்.

“என்னப்பா, இன்னும் வெளிக்கிடேல்லையோ? பத்து இருபத்தாறாகுது!”

“வெளிக்கிட்டாச்சு, வெளிக்கிட்டாச்சு. மனிசன் கதைச்சு முடிக்குதில்லை.”

“கதையைப் பிறகு கேக்கலாம். முதல் காரை எடுங்கோ.”

மலைப்பக்கத்து ஆட்கள் கார் வழுக்காமல் இருக்கப் பின்னாலே பாரம் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இந்தச் சாக்கும் அதுதான் என்று நானே முடிவு செய்தேன். “ஜா, ஜா! எல்லாம் தெரியும்!” என்று அவர் கையைக் குலுக்கிவிட்டு ஏறினேன். கண்ணாடியில் பார்த்தேன். கிழவர் கையைத் தூக்கிக்கொண்டு பின்னாலே நாலு அடி ஓடி வந்தார். எவ்வளவு பாசமான மனிசன், கைகாட்டி அனுப்புகிறார் என்று நினைத்தேன். நானும் இரண்டு தரம் ஹோர்ன் அடித்தேன்.

பத்து இருபத்தொன்பதுக்கு வாசலைத் தாண்டினேன். அந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடித்ததைப் பற்றி லாங்கன்தால் வரைக்கும் எனக்குப் பெருமை.

வீட்டுக்கு வந்ததும் தேங்காய், வாழைப்பழம், பூ எல்லாம் ஏற்ற வேண்டும் என்று பின்பக்கத்தைத் துப்புரவாக்கினேன். துப்புரவு என் தொழில். சாக்கையும் போத்தலையும் எடுத்துக் கட்டட வாசலில் பழைய இரும்பு எடுக்கிறவர்கள் கொண்டுபோகிற இடத்தில் வைத்தேன். அன்று மத்தியானம் அவர்கள் வருகிற நாள். பிறகு குளித்து வேட்டி கட்டிக்கொண்டு, பவளத்தோடு திரிம்பாக் போனேன்.

அங்கே நடந்ததைத்தான் முதலில் சொன்னேன்.

சண்டைக்கு ரோல்ஸ்

சனிக்கிழமை காலை நான் சண்டைக்கு வெளிக்கிட்டேன். இரவு முழுக்கக் கிழவருக்குச் சொல்ல வேண்டிய வசனங்களை டொச்சில் அடுக்கி வைத்திருந்தேன். ‘இந்த நாட்டில் முப்பத்தெட்டு வருடம் நேர்மையாக உழைத்தவனை’ என்று தொடங்கும்.

கீழே இறங்கிப் போனால் பவளம் ஏற்கெனவே காருக்குள் இருக்கிறாள். மடியில் ஒரு பெரிய பிளாஸ்ரிக் பெட்டி.

“உதென்ன?”

“ஆட்டிறைச்சி ரோல்ஸ்.”

“சண்டை பிடிக்கப் போறன். அதுக்கு ரோல்ஸோ?”

“ஒரு வீட்டை வெறுங்கையோடை போறதில்லை. நீங்கள் சண்டையைப் பிடியுங்கோ. நான் ரோல்ஸைக் குடுக்கிறன்.”

வெர்னர் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தார். நாரிக்குப் பின்னாலே செர்ரிக் கொட்டை நிரப்பிய சூட்டுப் பை. எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்தது. நான் என் முதல் வசனத்துக்கு மூச்சை இழுத்தேன். அவர் முந்திவிட்டார். முதியோர் இல்லத்தில் கிழவர்களோடு பழகிய பவளத்துக்குத்தான் அவர் பேச்சு முழுக்க விளங்கும். அவள் எனக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

“சாப்ற்றைப் பூட்டிவிட்டீர்களா?” என்று கேட்டாராம் முதல் கேள்வியாக.

ஒவ்வொரு வருடமும் மாடுகள் மலைக்கு ஏறும்போது அவர் அந்த இரும்பைக் கழற்றுவாராம். கோடையில் அது சும்மா சுற்றித் தேய வேண்டாம், பெற்றோலும் மிச்சம். மாடுகள் இறங்கி வரும்போது மறுபடி பூட்டுவாராம். இந்த வருடம் மாடுகள் இறங்கின, அவரால் குனிய முடியவில்லை. குனிய முடியாதவனுக்கு இந்தக் கார் இனி வேண்டாம் என்றுதான் விற்றாராம். இரும்பைச் சாக்கில் சுற்றி, ஆணிகளை ஜாம் போத்தலில் போட்டு, கிரீஸ் விட்டு மூடி, எல்லாம் பின்னாலே வைத்தேன், அதைச் சொல்ல ஓடி வந்தேன், உன் மனுசன் ஹோர்ன் அடித்தான் என்றார்.

காருக்கு அவர் வைத்திருந்த பெயர் ‘கைஸ்லி’. ஆட்டுக்குட்டி என்று அர்த்தம். “கைஸ்லிக்குப் பின்னங்கால் இல்லாமல் விடுவேனா?” என்றார்.

நான் நிமிர்ந்து நின்றேன். வாழ்க்கையில் எதையும் மறைத்துப் பழக்கமில்லாதவன்.

“நான் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன்” என்று டொச்சில் சொன்னேன்.

கிழவர் என்னைப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. கையிலே இருந்த ரோல்ஸை மெதுவாகத் தட்டில் வைத்தார். யன்னலால் வெளியே நின்ற சிவப்புக் காரைப் பார்த்தார். அந்தக் காருக்கு அந்த இரும்பு இனி எங்கேயும் எடுக்க முடியாது என்று சிறி முதல்நாளே சொல்லியிருந்தான். டிசம்பர் முதலாம் திகதிக்கு ஒன்பது நாள் இருந்தது. எனக்கு வெள்ளைச் சட்டை கண்ணில் வந்தது. நீல நூல் வந்தது. அதற்குப் பக்கத்தில் றபர் ஏப்ரன் வந்தது.

“அது எங்கடை நிலக்கீழ் அறையிலை கிடக்கு” என்றாள் பவளம்.

“எது?”

“சாக்கு. அரிசி மூட்டைக்குப் பின்னாலை.”

“நான் வாசலிலை எல்லோ வைச்சனான்!”

“வைச்சனியள். நீங்கள் குளிக்கப் போக, நான் எடுத்து உள்ளை வைச்சனான். ஒரு மனிசன் சாக்கிலை சுத்தி, நூலாலை கட்டி வைச்சிருக்கிறான். குப்பையை ஆர் நூலாலை கட்டுவினம்?”

“அப்ப நேற்றுக் கோவிலிலை ஏன் சொல்லேல்லை?”

“எனக்கென்ன தெரியும் அதுதான் சாப்ற் எண்டு? நீங்கள் அதைப் பாரம் எண்டியள்.”

அவள் அதையே டொச்சில் வெர்னருக்குச் சொன்னாள். கிழவர் நாரியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே தட்டில் வைத்த ரோல்ஸை எடுத்தார். உறைப்பில் கண்ணீர் வந்தது, தண்ணீர் குடித்தார், நாலாவதையும் எடுத்தார். நான் அடுக்கி வைத்திருந்த டொச் வசனங்கள் முழுக்க வீணாகிவிட்டன. நல்ல வசனங்கள்.

சிறியின் பாடம்

அன்று பின்னேரமே சிறி தன் கராஜில் காரைத் தூக்கினான். ஜாம் போத்தலில் எட்டு ஆணி. போத்தலையும் பவளம் விடவில்லை, ஆணிகளை எடுத்ததும் கழுவி ஊறுகாய்க்கு வைத்துக்கொண்டாள்.

சிறி காருக்குக் கீழே நின்று பூட்டினான். பவளம் ரோச்சைப் பிடித்தாள். நான் உழவு மெசின் காலத்துக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சேற்றில் புதைந்த மெசினை ஒற்றை ஆளாக எடுத்த கதை. இந்தத் தொடரின் இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது.

“அண்ணை, இதைக் கேளுங்கோ” என்றான் சிறி. “பொத்தானை ஏத்தத்துக்கு முன்னமே அமத்தவேணும். கார் நேராப் போகேக்கை, பெடலிலை இருந்து காலை எடுத்துப்போட்டு. சில்லு வழுக்கத் துவங்கினாப் பிறகு அமத்தினால் கியர்ப் பல்லு உடையும். விளங்கிச்சுதோ?”

“எனக்கோ சொல்லுறாய்? அந்தச் சேத்துக்குள்ளை நான்…”

“அக்கா, உங்களுக்கு விளங்கிச்சுதோ?”

“ஓம்” என்றாள் பவளம். ரோச் வெளிச்சம் அசையவில்லை.

மஞ்சள் பலகை

டிசம்பர் முதலாம் திகதி பனி இல்லை. இரண்டாம், மூன்றாம் திகதிகளிலும் இல்லை. கைஸ்லி சும்மா ஏறியது. நாலாம் நாள் விடிய எழும்பி யன்னலைப் பார்த்தால், வெளியே நின்ற சைக்கிள்களைக் காணவில்லை. முழுக்க வெள்ளைக் கும்பிகள். கறுப்புக் கார் ஒரு நீளமான கும்பி. சிவப்பு ஒரு குட்டிக் கும்பி.

பவளம் வெள்ளைச் சட்டையை ஸ்திரிபோட்டு மடித்துப் பையில் வைத்தாள். இஞ்சித் தேத்தண்ணி ஒரு போத்தலில். நான் கண்ணாடியைச் சுரண்டினேன். ஐந்து மணிக்கு வெளிக்கிட்டோம்.

பெரிய றோட்டில் பிழையில்லை. நான் நன்றாகக் கதைத்துக்கொண்டு வந்தேன். எனக்குப் பயம் வந்தால் கதை கூடும். பவளத்துக்கு அது தெரியும். கிராமத்தைத் தாண்டி, காட்டு றோட்டுக்குள் திரும்பினோம். விளக்கு வெளிச்சத்தில் பனி எங்களை நோக்கி ஓடி வந்தது. முன்னாலே ஒரு சில்லுத் தடமும் இல்லை. முந்தின மாரியில் கறுப்புக் கார் குந்திய இடத்தைத் தாண்டினோம். நான் பதினாலு வயதுச் சேற்றுக் கதையின் நடுவில் இருந்தேன். நிறுத்த முடியவில்லை. இரண்டு கையும் ஸ்ரேரிங்கில் இறுகிப்போய் இருந்தன. மஞ்சள் பலகை தெரிந்தது. அதோடு ஏற்றம் தொடங்கும்.

“கையைக் கீழை விடுங்கோ” என்றாள்.

“என்ன?”

“கியரிலை கையை வையுங்கோ.”

வைத்தேன்.

“காலை எடுங்கோ.”

எடுத்தேன்.

அவள் தன் கையுறையைக் கழற்றினாள். என் கைக்கு மேலே தன் கையை வைத்தாள். தேத்தண்ணிப் போத்தலைப் பிடித்திருந்த சூடு அதில் இருந்தது. நாற்பது வருடமாகப் பானையும் கத்தியும் சலவைத் தண்ணீரும் பிடித்த கை. கலியாணத்தன்று ஐயர் பிடித்துக் கொடுத்ததற்குப் பிறகு, வீட்டுக்கு வெளியே ஓர் இடத்தில் அவள் என் கையைத் தானாகப் பிடித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அவளின் பெருவிரல் என் பெருவிரலுக்கு மேலே வந்து அமத்தியது.

பச்சை விளக்கு எரிந்தது. பின்னாலே இருந்து ஒரு சின்ன உந்தல் வந்தது, யாரோ முதுகில் கைவைத்து ‘ஏறு’ என்று சொன்னதுபோல. நாலு சில்லும் பனியை நறநறவென்று கடித்தன. மஞ்சள் பலகை பக்கத்தால் போய்ப் பின்னாலே மறைந்தது. நான் கதைப்பதை நிறுத்தியிருந்தேன்.

ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்க மேலே நின்றோம்.

“பாத்துப் போங்கோ. இறங்கேக்கை பிறேக்கை மிதிக்காதையுங்கோ, கியரிலை இறங்குங்கோ” என்றுவிட்டு இறங்கினாள். வாசலில் சப்பாத்தைத் தட்டினாள். நான் விளக்கை நிறுத்தாமல் இருந்தேன். கதவைத் திறக்கும்போது இந்த முறை திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் சமையலறை யன்னலில் வெளிச்சம் வந்தது. கண்ணாடிக்குப் பின்னாலே ஒரு வெள்ளைச் சட்டை அங்கும் இங்கும் நடந்தது.

இது கைஸ்லி எங்களோடு இருக்கிற மூன்றாவது மாரி. கறுப்புக் கார் போய்விட்டது. வெர்னருக்கு மாதத்தில் ஒருதரம் ரோல்ஸ் போகிறது. காரின் நலத்தை விசாரித்துவிட்டுத்தான் எங்கள் நலத்தை விசாரிப்பார். பவளத்துக்குப் பென்சனுக்கு இன்னும் ஒரு வருடத்துக்குச் சொச்சம்.

போன கிழமை சிறி கேட்டான்: “என்ன அண்ணை, பொத்தானை ஒழுங்கா நேரத்துக்கு அமத்திறியளோ?”

நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். இப்போதும் மஞ்சள் பலகை தெரிந்ததும் பவளம் கையுறையைக் கழற்றுகிறாள். நான் கியரில் கையை வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். பனி இல்லாத நாளிலும் அப்படித்தான்.

எனக்கு அமத்தத் தெரியாமல் இல்லை.